மதுக்கூடத்து மேசையில் ஒரு ஸ்கெட்ச்: துலூஸ்-லோத்ரெக்கைப் பார்க்கத் தொடங்குவது எப்படி

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஓர் அட்டை ஓவியம் இருக்கிறது. ஏறக்குறைய 86 சென்டிமீட்டர் உயரம், 66 சென்டிமீட்டர் அகலம். உயரமான தொப்பி போட்ட ஓர் ஆண் பக்கவாட்டில் தெரிகிறார். அவரோடு பேச்சில் இரண்டு பெண்கள். முகங்களுக்குக் கொடுத்த கவனத்தில் பாதிகூட உடைகளுக்குக் கொடுக்கப்படவில்லை. அவை சில நீளமான தூரிகை வீச்சுகளோடு நின்றுவிடுகின்றன. இடையிடையே அட்டையின் பழுப்பு அப்படியே விடப்பட்டிருக்கிறது. 1892இல் ஆன்றி டி துலூஸ்-லோத்ரெக் வரைந்தது. பெயர் 'மூலான் ரூஜில் ஆங்கிலேயர்'. மூலான் ரூஜ் என்பது பாரீஸின் ஒரு நடனக்கூடம்.

நவீன ஓவியத்தின் பக்கம் புதிதாக வருகிறவர்களுக்கு இதைப் பார்த்ததும் இரண்டு கேள்விகள் எழும். வேலையை முடிக்காமல் விட்டுவிட்டாரா? பாரில் மூன்று பேர் பேசிக்கொண்டிருப்பதில் வரைவதற்கு அப்படி என்ன இருக்கிறது? இரண்டுமே நியாயமான கேள்விகள். இரண்டுக்கும் ஒரே பதில்தான் என்று நினைக்கிறேன். அவர் எதை வரையாமல் விட்டார் என்று கவனித்தால், அந்த மூவருக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பது தெரிய ஆரம்பிக்கும். அதைப் பார்ப்பதற்குக் கொஞ்சம் பின்னணி வேண்டும்.

லோத்ரெக்கையும் அவர் காலத்து ஓவியர்கள் சிலரையும் போஸ்ட் இம்ப்ரஷனிஸ்டுகள் என்பார்கள். இந்தப் பெயரை அவர்கள் யாரும் தங்களுக்கு வைத்துக்கொள்ளவில்லை. 1910இல் லண்டனின் கிராஃப்டன் காலரியில் ரோஜர் ஃப்ரை என்ற விமர்சகர் ஒரு கண்காட்சி நடத்தினார். மனே, செசான், வான்கா, கோகன் போன்றவர்களின் படங்கள் அதில் இருந்தன. கண்ணில் படும் வெளிச்சத்தையே முக்கியமாக வரைந்த இம்ப்ரஷனிஸ்டுகளுக்குப் பின்னால் வந்தவர்களை மொத்தமாகக் குறிக்க அவர் போட்ட பெயர் அது. அதற்குள் வான்கா இறந்து 20 ஆண்டுகள், லோத்ரெக் இறந்து 9 ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆகவே இதை ஒரு பாணியின் பெயராக எடுத்துக்கொண்டால் குழப்பம்தான் வரும். இம்ப்ரஷனிசத்தைக் கற்று, அதில் போதாமையைக் கண்டு, ஆளுக்கொரு வழியில் போனவர்கள் இவர்கள்.

போதாமை என்றால் என்ன? இதற்கு நல்ல உதாரணம் ஒரே இடத்தைப் பற்றிய இரண்டு படங்கள். பாரீஸின் மோன்மார்த்ர் குன்றில் 'மூலான் த லா காலெத்' என்றொரு நடனக்கூடம் இருந்தது. 1876இல் இம்ப்ரஷனிஸ்ட் ஓவியர் ரெனுவார் அதன் தோட்டத்தை வரைந்தார். ஞாயிறு மதிய வெயில், மரத்து இலைகளின் ஊடாக வட்டவட்டமாக விழும் வெளிச்சம், ஆடுகிறவர்கள், மேசையைச் சுற்றிச் சிரிப்பவர்கள். அந்தப் படத்தில் வெளிச்சம்தான் எல்லோரையும் ஒன்றுசேர்க்கிறது. யாருடைய மேல்கோட்டு எங்கே முடிகிறது, அடுத்தவருடையது எங்கே தொடங்குகிறது என்றுகூடச் சில இடங்களில் பிரித்துச் சொல்ல முடியாது. பார்த்தாலே மனம் லேசாகும் படம்.

13 ஆண்டுகள் கழித்து, 1889இல், அதே இடத்தின் உட்கூடத்தை லோத்ரெக் வரைந்தார். இப்போது சிகாகோ கலைக்கழகத்தில் இருக்கிறது. வெயில் இல்லை. படத்தின் குறுக்கே சாய்வாக ஒரு மரத்தடுப்பு ஓடுகிறது. அதன் அருகே பெண்கள் உட்கார்ந்து, யாராவது ஆட அழைப்பார்களா என்று காத்திருக்கிறார்கள். முன்னால் தொப்பி போட்ட ஓர் ஆண் வேறெங்கோ பார்க்கிறார். பின்னால் கூட்டம் ஆடிக்கொண்டிருக்கிறது. தடுப்பின் மேல் சாசர்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. பாரீஸ் கஃபேக்களில் ஒவ்வொரு பானமும் ஒரு சாசரோடு வரும்; கடைசியில் சாசர்களை எண்ணித்தான் பில் போடுவார்கள். எத்தனை சாசரோ அவ்வளவு நேரம் அங்கே கழிந்திருக்கிறது என்று பொருள்.

ரெனுவாருடைய படத்தில் எல்லோரும் ஒரே வெளிச்சத்தில் இருக்கிறார்கள். லோத்ரெக்கின் படத்தில் ஒவ்வொருவரும் அவரவர் இடத்தில் தனியாக இருக்கிறார்கள். கண்ணுக்கு வெளிச்சம் எப்படித் தெரிகிறது என்பது இம்ப்ரஷனிஸ்டின் கேள்வி. அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்திருப்பவர் யார், பக்கத்தில் இருப்பவரோடு அவருக்கு என்ன உறவு என்பது இவருடைய கேள்வி. அதற்கு வெறும் வெளிச்சமும் நிறப்புள்ளிகளும் போதவில்லை, கோடு தேவைப்பட்டது. ஆளை ஆளிடமிருந்து பிரித்துக்காட்டும் உறுதியான கோடு. அந்தக் காலத்தில் பாரீஸில் நிறையப் புழங்கிய ஜப்பானிய மரக்கட்டை அச்சுப்படங்கள் இதற்குப் பெரிய தூண்டுதலாக இருந்தன. தெளிவான புறக்கோடு, தட்டையான நிறம், ஓரத்தில் பாதியில் வெட்டப்பட்ட உருவம், நடுவில் தாராளமாக விட்ட வெற்றிடம் எல்லாம் அங்கிருந்து கற்றவை.

ஏன் மதுக்கூடம்?

மோன்மார்த்ர் 1860 வரை பாரீஸ் நகர எல்லைக்கு வெளியே இருந்தது. நகருக்குள் வரும் மதுவுக்கு எல்லையில் வரி. வெளியே அந்த வரி இல்லாததால் அங்கே குடிப்பது மலிவு. நகரோடு சேர்த்த பிறகும் பழைய மதுக்கடைகளும் நடனக்கூடங்களும் அப்படியே நிலைத்தன. 1880இல் கடை திறப்பதற்கான கெடுபிடிகளைப் பிரெஞ்சு அரசு தளர்த்தியது, மதுக்கடைகள் பெருகின. அடுத்த ஆண்டு பத்திரிகைச் சுதந்திரச் சட்டம் வந்தது. படங்கள் நிறைந்த வாரப் பத்திரிகைகளும் சுவரொட்டிகளும் பாரீஸை நிறைத்தன.

இந்த இரண்டும் ஓவியருக்கு முக்கியம். ஒன்று அவருக்கு விஷயத்தைக் கொடுத்தது, மற்றது வாசகரைக் கொடுத்தது. பாரில் வரைந்த ஸ்கெட்ச் அடுத்த வாரம் பத்திரிகையில் வரலாம். பத்திரிகை அச்சில் மென்மையான நிறமாற்றங்கள் எடுபடாது, கோடு திருத்தமாக இருந்தால்தான் விழும். லோத்ரெக்கின் கோடு அவ்வளவு கூர்மையானதற்கு இதுவும் ஒரு காரணம். சூசான் வலாதோன் மேசையில் முழங்கையை ஊன்றி, முன்னால் ஒரு பாட்டிலும் கிளாஸுமாக உட்கார்ந்திருக்கும் அவருடைய கோட்டோவியம் 1889 ஏப்ரலில் 'லெ கூரியே ஃபிரான்சே' பத்திரிகையில் வெளிவந்தது. வலாதோன் அப்போது ஓவியர்களுக்கு மாடலாக இருந்தவர், பின்னாளில் தாமே பெரிய ஓவியர் ஆனவர்.

இந்தக் கூடங்களில் வேறோர் அதிசயமும் நடந்தது. பகலில் ஒருவரை ஒருவர் ஏறெடுத்தும் பார்க்காதவர்கள் இரவில் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்தார்கள். பிரபு வீட்டுப் பிள்ளை, குமாஸ்தா, சலவைத் தொழிலாளி, நடனக்காரி, வெளிநாட்டுப் பயணி, எழுத்தாளர் எல்லோருக்கும் ஒரே கூரை. பாடகர் அரிஸ்தீட் ப்ருயான் 1885இல் தொடங்கிய 'லெ மிர்லித்தோன்' என்ற காபரேக்கு, அதாவது பாட்டோடு மது பரிமாறும் கூடத்துக்கு, வருகிற வசதியானவர்களை அவர் வாசலிலேயே திட்டி வரவேற்பார். திட்டு வாங்கவே ஆட்கள் வந்தார்கள். 1889 அக்டோபரில் மூலான் ரூஜ் திறந்தது. அதன் நுழைவுக்கூடத்தில் லோத்ரெக்கின் சர்க்கஸ் ஓவியம் ஒன்று மாட்டப்பட்டது, உள்ளே அவருக்கென்று ஒரு மேசையும் இருந்தது.

லோத்ரெக் யார் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 1864இல் தெற்குப் பிரான்ஸின் ஆல்பி நகரில் பழமையான பிரபு குடும்பத்தில் பிறந்தவர். பெற்றோர் ஒருவருக்கொருவர் நெருங்கிய இரத்த உறவு. பிறவியிலேயே எலும்புக் கோளாறு இருந்தது. 13 வயதில் இடது தொடை எலும்பு முறிந்தது, அடுத்த ஆண்டு வலது. அதன் பிறகு கால்கள் வளரவில்லை. குதிரையேற்றமும் வேட்டையும்தான் வாழ்க்கை என்றிருந்த குடும்பத்தில் அவருக்கு இடமில்லாமல் போனது. வரைவதற்கு நேரம் கிடைத்தது. பாரீஸில் ஓவியர் கோர்மோனின் பயிற்சிக்கூடத்தில் படித்தார். 1886இல் அங்கே வான்காவைச் சந்தித்தார். குடி அவரையும் விடவில்லை. 1901இல், 37 வயது நிறைவதற்கு முன்பே இறந்தார். அவர் வரைந்த கோட்டோவியங்கள் மட்டும் ஐயாயிரத்துக்கு மேல் என்று கணக்கெடுத்திருக்கிறார்கள்.

அவருடைய உடல்குறையைச் சொல்லி, அதனால்தான் இப்படி வரைந்தார் என்று முடித்துவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனால் ஒன்று உண்மை: கூட்டத்தில் அவர் ஒரு வேடிக்கைப் பொருளாகப் பார்க்கப்பட்டவர். பிறரால் பார்க்கப்படுவது எப்படி இருக்கும் என்று தெரிந்தவர், அதே கூடத்தில் உட்கார்ந்து மற்றவர்களைப் பார்த்தார். அவருடைய படங்களில் இரக்கம் காட்டுவதும் இல்லை, ஏளனமும் இல்லை. இந்த நிதானம்தான் அவரிடம் எனக்கு மிகவும் பிடித்தது.

அட்டையும் டர்பன்டைனும்

'ஸ்கெட்ச்' என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். ஆனால் இந்த ஓவியர்களிடம் அது பல நிலைகளில் இருக்கிறது. முதல் நிலை, மேசையிலேயே சின்ன நோட்டில் பென்சிலால் எடுக்கும் குறிப்பு. ஒரு மூக்கு, ஒரு தொப்பியின் சாய்வு, கால் தூக்கும் விதம் என்று சில நொடிகளில் எடுத்துவிடுவார்கள். அப்புறம் ஸ்டுடியோவில் அதே காட்சியை நிறத்தோடு அட்டையிலோ துணியிலோ போட்டுப் பார்ப்பது. இதை ஆய்வோவியம் என்று சொல்லலாம். அதிலிருந்து பெரிய ஓவியமோ அச்சுப்படமோ பிறக்கலாம், பிறக்காமலும் போகலாம். லோத்ரெக்கிடம் இந்த நடு நிலைதான் மிக வளமானது. மூலான் ரூஜ் ஆங்கிலேயரும் அந்த வகைதான்.

அவர் பயன்படுத்திய முறையை எளிதில் புரிந்துகொள்ளலாம். டியூபில் வரும் எண்ணெய் வண்ணத்தை மை உறிஞ்சும் தாளில் பிதுக்கி வைத்தால், எண்ணெயில் பெரும்பகுதியைத் தாள் இழுத்துக்கொள்ளும். மிஞ்சிய நிறத்தை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்தால், ஏறக்குறைய நீர்வண்ணம் போலவே ஓடும். ஆனால் எண்ணெய் வண்ணத்தின் அடர்த்தி இருக்கும். மூத்த ஓவியர் டெகா இந்த முறையை முன்பே கையாண்டவர். லோத்ரெக் அவரை மிகவும் மதித்தார்.

இதை எந்தப் பூச்சும் பூசாத சாதாரண அட்டையில் போட வேண்டும். அட்டை உடனே உறிஞ்சிக்கொள்ளும். எண்ணெய் ஓவியம் காய நாள்கணக்கில் ஆகும். இது மளமளவென்று காய்ந்துவிடும், பளபளப்பும் இருக்காது. அழித்துத் திருத்த வழி கிடையாது. போட்ட கோடு போட்டதுதான். அதனால்தான் அந்தக் கோடுகளில் ஒரு வேகமும் துணிச்சலும் தெரிகின்றன.

முக்கியமான விஷயம் அட்டையின் நிறம். வெள்ளைத் துணியில் வரைகிறவர் முழுவதையும் நிரப்பியாக வேண்டும் என்று உணர்வார், வெள்ளை உறுத்தும். பழுப்பு அட்டையோ ஏற்கெனவே ஒரு நடுத்தர நிறத்தில் இருக்கிறது. புகையும் மங்கல் விளக்கும் நிறைந்த கூடத்துக்கு அது அப்படியே பொருந்துகிறது. அதன் மேல் இருட்டுக்குச் சில கோடுகள், வெளிச்சத்துக்குச் சில கோடுகள் போட்டால் போதும், மீதியை அட்டை பார்த்துக்கொள்ளும். முடிக்காமல் விட்டதாக நமக்குத் தோன்றும் இடங்களில் பெரும்பாலும் அட்டைதான் சுவராகவும் காற்றாகவும் சில சமயம் தோலாகவும் வேலை செய்கிறது.

ஆங்கிலேயரின் காது

இப்போது அந்த மூவரிடம் திரும்புவோம். தொப்பிக்காரர் வில்லியம் டாம் வாரனர், இங்கிலாந்திலிருந்து பாரீஸுக்கு வந்து ஓவியம் படித்தவர், லோத்ரெக்கின் நண்பர். படத்தில் அவர் ஒரு கனவான் வேடத்தில் இருக்கிறார். பெண்களோடு பேச்சுக் கொடுக்கிறார். ஆனால் அவர்களுடைய பேச்சு அவர் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் அதிகமாகவே போயிருக்க வேண்டும். எப்படித் தெரிகிறது என்றால், அவருடைய காதைப் பாருங்கள். நன்றாகச் சிவந்திருக்கிறது.

இத்தனை பெரிய படத்தில் கதையைச் சொல்வது அந்தக் காதுதான். கண்ணை விரித்து, வாயைத் திறந்து, கையை ஆட்டிக் காட்டியிருந்தால் அது நாடகம் ஆகியிருக்கும். கனவான் தன் முகத்தை அடக்கிக்கொள்ளப் பழகியவர், ஆனால் காதை யாராலும் அடக்க முடியாது. லோத்ரெக் அதைப் பிடித்துவிட்டார். நம் கண் உடையிலோ பின்சுவரிலோ தங்கிவிடாமல் காது வரை போக வேண்டுமென்றால், உடையும் சுவரும் அடங்கியிருக்க வேண்டும். விட்டுவைத்ததன் பலன் இதுதான். முழுக்கத் தீட்டிய கோட்டும் பட்டன்களும் இருந்திருந்தால் காது காணாமல் போயிருக்கும்.

ஆல்பி அருங்காட்சியகத்தில் வாரனரின் தலையை மட்டும் தனியாக வரைந்த ஆய்வோவியம் ஒன்றும் உண்டு. ஆக முதலில் ஒரு தலை, பிறகு மூவரும் சேர்ந்த காட்சி, அப்புறம் அதே 1892இல் வண்ண லித்தோகிராஃப், அதாவது கல்லில் வரைந்து எடுக்கும் அச்சு. 100 பிரதிகள் போட்டார்கள். அச்சில் வாரனரின் உடல் ஏறக்குறைய ஒரே ஊதா நிறத்தில் தட்டையான நிழலுருவமாகிவிட்டது. பெண்கள் இருவரும் வண்ணத்தில், அவர் மட்டும் நிழலாக. ஆளின் தனிமையும் அசட்டுத் துணிச்சலும் அந்த ஒரு முடிவிலேயே வந்துவிட்டன. ஸ்கெட்ச்சில் கோடுகளால் தேடியதை அச்சில் நிறத்தால் தீர்த்திருக்கிறார். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதைப் போல நல்ல பாடம் புதியவர்களுக்கு வேறு இல்லை.

இதே வழியில் பார்க்க இன்னொரு படம், கிளீவ்லாந்து அருங்காட்சியகத்தில் இருக்கும் 'கஃபேயில் திரு. புவாலோ'. 1893, இதுவும் அட்டையில்தான். பெருத்த உடம்புக்காரர் ஒருவர் மேசைக்குப் பின்னால் நிறைந்து உட்கார்ந்திருக்கிறார். முன்னால் டாமினோ கட்டைகள், ஒரு கிளாஸ் ஆப்சந்த். ஆப்சந்த் என்பது அந்தக் காலத்துப் பாரீஸின் பச்சை மது. துளையுள்ள கரண்டியில் சர்க்கரைக் கட்டி வைத்து, அதன் மேல் சொட்டுச்சொட்டாகக் குளிர்ந்த நீர் விட்டால், பச்சை கலங்கி அரிசி கழுவிய நீர் போல வெளுக்கும். திராட்சைக் கொடிகளைப் பூச்சி அழித்து ஒயின் விலை ஏறியபோது இது மலிவாகக் கிடைத்தது. 1915இல் பிரான்ஸ் இதைத் தடை செய்தது. புவாலோவின் மேசை நம் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது. எதிர் நாற்காலியில் நாம்தான் உட்கார்ந்திருக்கிறோம், அடுத்த கட்டையை நாம் வைக்க வேண்டும் என்ற நினைப்பு வந்துவிடும். லோத்ரெக்கின் பல படங்களில் மேசையின் விளிம்பு இப்படி நம்மை உள்ளே இழுக்கும். மதுக்கூடத்தைத் தூர நின்று வேடிக்கை பார்க்கும் வாய்ப்பை அவர் நமக்குத் தருவதில்லை.

அவருடைய பெரிய ஓவியமான 'மூலான் ரூஜில்' (1892 முதல் 1895 வரை, சிகாகோ) இந்த ஸ்கெட்ச்கள் எல்லாம் போய்ச் சேரும் இடம். நடுவில் ஒரு மேசை, சுற்றி நண்பர்கள்: எழுத்தாளர் எடுவார் துழார்தான், நடனக்காரி லா மக்கரோனா, புகைப்படக்காரர் போல் செஸ்கோ, மது வியாபாரி மோரீஸ் கிபேர். பின்னால் இன்னொரு நடனக்காரி லா கூலூ கண்ணாடி முன் தலையைச் சரிசெய்கிறார். குட்டையான லோத்ரெக்கும் நெட்டையான அவருடைய உறவினர் காப்ரியேலும் கூடத்தைக் கடந்து போகிறார்கள். வலது ஓரத்தில், கீழிருந்து அடிக்கும் விளக்கொளியில் பச்சையாகத் தெரியும் ஒரு பெண்ணின் முகம், பாதி வெட்டுப்பட்டு நம் மேல் மோதுவது போல வருகிறது. ஒரு காலத்தில் அந்த முகம் இருந்த ஓரத்தை யாரோ வெட்டி எடுத்துவிட்டார்கள், பிறகு திரும்ப ஒட்டினார்கள். அந்த முகத்தைக் கையால் மறைத்துப் பாருங்கள், படம் ஒரு சாதாரண நண்பர்கள் கூட்டமாகிவிடும். கையை எடுத்தால் நாமே அந்த நெரிசலில் நிற்கிறோம்.

மேசையைச் சுற்றியிருப்பவர்களின் பார்வைகளைப் பின்தொடர்ந்தால் இன்னொன்று புலப்படும். ஒருவரும் மற்றொருவர் கண்ணை நேராகப் பார்ப்பதில்லை. தோளோடு தோள் உரசும் நெருக்கம், ஆனால் பார்வைகள் சேரவில்லை. சேர்ந்து உட்கார்ந்திருப்பது வேறு, சேர்ந்திருப்பது வேறு என்பதை அந்த நகரத்து இரவில் இவ்வளவு துல்லியமாகப் பார்த்தவர்கள் குறைவு.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் களைய வேண்டும். ஸ்கெட்ச் போலத் தெரிவதெல்லாம் அந்த இடத்திலேயே, அந்த நொடியில் பிடித்தது என்று நினைத்துவிடுகிறோம். பாஸ்டன் அருங்காட்சியகத்தில் 'ஆ லா மீ' என்ற படம் (1891) இருக்கிறது. மலிவான கடை ஒன்றின் மேசையில் ஓர் ஆணும் பெண்ணும், எதிரே ஒயின், ஒரு துண்டுச் சீஸ், இருவர் முகத்திலும் போதையும் சலிப்பும். அங்கேயே உட்கார்ந்து வரைந்ததைப் போல இருக்கும். உண்மையில் அது ஏற்பாடு செய்து எடுத்த புகைப்படத்தை வைத்து வரைந்தது. படத்தை எடுத்தவர் செஸ்கோ, நடித்தவர் மேலே சொன்ன அதே கிபேர். அந்தப் புகைப்படம் இன்றும் கிடைக்கிறது. இரண்டையும் ஒப்பிட்டால் ஆய்வோவியம் எவ்வளவு யோசித்துச் செய்த வேலை என்று விளங்கும். இதனால் ஓவியத்தின் மதிப்பு குறைவதாக நான் நினைக்கவில்லை. வேகமாகத் தெரியும் கோடு, பல இரவுகள் பார்த்துப் பழகிய கையிலிருந்து வருவது.

வேறு கைகள்

லோத்ரெக்கை மட்டும் பார்த்தால் மதுக்கூட ஸ்கெட்ச் என்றாலே கூர்மையான கோடு என்று தோன்றிவிடும். அதே ஆண்டுகளில் ஜார்ஜ் சூரா நேர் எதிராக வரைந்தார். பாட்டுக் கச்சேரி நடக்கும் கஃபேக்களை 1886 முதல் 1888 வரை கறுப்புக் கோன்டே கிரேயானில் வரைந்தார். சொரசொரப்பான தாள். கிரேயானை மெதுவாகத் தேய்த்தால் தாளின் மேட்டில் மட்டும் கறுப்பு ஒட்டும், பள்ளம் வெள்ளையாக மினுங்கும். கோடே கிடையாது. முன்னால் கேட்பவர்களின் தலைகள் கறுப்பு நிழல்களாக, தூரத்தில் மேடையில் பாடகி மட்டும் வெளிச்சத்தில். முகம் எதுவும் தெரியாவிட்டாலும், எல்லோரும் ஒரே திசையில் மௌனமாகப் பார்க்கிறார்கள் என்பது தெரிகிறது. லோத்ரெக்கிடம் ஆள்தான் முக்கியம். சூராவுக்குக் கூட்டமே ஒரு வடிவம்.

வான்காவுக்கு வருவோம். 1887இல் லோத்ரெக் அவரைப் பாஸ்டல் என்ற வண்ணக் குச்சிகளால் வரைந்திருக்கிறார். ஆம்ஸ்டர்டாமில் வான்கா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கஃபே மேசையில் பக்கவாட்டில் உட்கார்ந்து, கிளாஸுக்குப் பின்னால் முன்னோக்கிச் சாய்ந்து, எதையோ தீவிரமாகப் பார்க்கும் வான்கா. அதில் அட்டை முழுக்க நீண்ட கோடுகள் வீசியிருக்கின்றன, வான்காவை வரையும்போது அவருடைய பாணியும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது போல.

அடுத்த ஆண்டு செப்டம்பரில் வான்கா ஆர்ல் நகரில் தான் தங்கியிருந்த இடத்தின் 'இரவுக் கஃபே'யை வரைந்தார். மூன்று இரவுகள் விழித்து வேலை செய்தார், பகலில் தூங்கினார். சிவப்புச் சுவர், பச்சைக் கூரை, நடுவில் பில்லியர்ட்ஸ் மேசை, சுவரோரமாகச் சாய்ந்து கிடக்கும் சிலர், நள்ளிரவு தாண்டிவிட்ட கடிகாரம். மனிதரின் பயங்கரமான உணர்ச்சிகளைச் சிவப்பையும் பச்சையையும் கொண்டு சொல்ல முயன்றதாகத் தம்பி தியோவுக்கு எழுதினார். இங்கே ஒரு மாற்றம்: எண்ணெய் ஓவியத்தை முடித்த பிறகுதான் அதே காட்சியை நீர்வண்ணத்தில் சிறிதாக வரைந்து தியோவுக்குக் காட்டினார். அதாவது ஸ்கெட்ச் எப்போதும் முன்னால்தான் வர வேண்டும் என்பதில்லை.

அதே கஃபேயின் உரிமையாளர் மனைவி மதாம் ழீனூவை அந்த நவம்பரில் வான்காவும் கோகனும் ஒன்றாக உட்கார்ந்து வரைந்தார்கள். வான்கா நேரடியாக எண்ணெய் வண்ணத்தில், கோகன் கரித்துண்டில். கோகன் அந்தக் கரி ஓவியத்திலிருந்து தன்னுடைய இரவுக் கஃபே ஓவியத்தை உண்டாக்கினார். மதாம் ழீனூ முன்னால் கன்னத்தில் கை வைத்து லேசாகச் சிரிக்க, பின்னால் புகையும் பில்லியர்ட்ஸும். 1890இல் மனநல விடுதியில் இருந்த வான்கா, கோகன் விட்டுச்சென்ற அதே கரி ஓவியத்தை வைத்து மதாம் ழீனூவைப் பலமுறை வரைந்தார். இருவரும் சண்டையிட்டுப் பிரிந்த பிறகு நடந்தது இது. ஒருவருடைய ஸ்கெட்ச் மற்றவருக்கு அவ்வளவு தேவைப்பட்டது.

லோத்ரெக்குக்கும் 1899இல் அப்படி ஒரு காலம் வந்தது. குடியால் உடலும் மனமும் சிதைந்து, பாரீஸை ஒட்டிய நெய்யியில் ஒரு மருத்துவ விடுதியில் வைக்கப்பட்டார். தான் தெளிவாகத்தான் இருக்கிறேன் என்று மருத்துவர்களுக்குக் காட்ட, சர்க்கஸ் காட்சிகளை நினைவிலிருந்தே வரிசையாக வரைந்தார். குதிரையின் கால், சவாரிக்காரியின் முதுகு, கோமாளியின் சாய்வு என எதற்கும் எதிரில் மாடல் இல்லை. இரவுக்கு இரவு நோட்டில் எடுத்த பென்சில் குறிப்புகள் எங்கே போய்ச் சேர்ந்திருந்தன என்பதற்கு அந்த வரிசையே சாட்சி.

அட்டையில் வரைந்ததற்கு ஒரு விலையும் உண்டு. மலிவான அட்டை காலப்போக்கில் கறுத்து, நொறுங்கும் தன்மை கொண்டது. லோத்ரெக் பார்த்த பழுப்பைவிட இன்று நாம் பார்ப்பது பல படங்களில் கருமையானது. அவர் மெல்லிய நிறத்தில் போட்ட கோடுகள் பின்னணியோடு கொஞ்சம் மங்கியிருக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டு, பார்க்கும்போது அட்டையை ஒரு படி வெளிறியதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள், முகங்கள் இன்னும் முன்னால் வரும்.

லோத்ரெக்கின் படங்கள் மிக அதிகமாக இருப்பது ஆல்பியில்தான். அவர் ஸ்டுடியோவில் மிஞ்சியதைத் தாயார் அதேலும் நண்பர் மோரீஸ் ழ்வாயானும் ஊருக்குக் கொடுக்க, 1922இல் பழைய ஆயர் மாளிகையில் அருங்காட்சியகம் திறந்தது. அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு மெட்ரோபாலிட்டன், சிகாகோ, கிளீவ்லாந்து மூன்றும் இந்தப் படங்களைப் பெரிய அளவில் இலவசமாகத் தம் இணையதளங்களில் வைத்திருக்கின்றன. முதலில் ஆங்கிலேயரின் அட்டையைத் திறந்து, பெரிதாக்கி, நிறம் படாத இடங்களை மட்டும் தேடிப் போங்கள். அப்புறம் அதன் லித்தோகிராஃபைப் பக்கத்தில் வையுங்கள். அதன் பிறகு 'மூலான் ரூஜில்' போய், யார் யாரைப் பார்க்கிறார்கள் என்று ஒவ்வொரு முகமாகத் தொடருங்கள். விளக்கக் குறிப்புகளைப் படிப்பதைக் கடைசிக்கு வைத்துக்கொள்வது நல்லது.